பெரிய கம்பெனி என்றால் நீண்ட ஆயுளா?

டேட்டாபேஸ் மென்பொருள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "கம்பெனி பெரிசா?" என்பதுதான். ராஜபாளையத்து நூற்பாலையானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையானாலும் சரி. பெரிய கம்பெனி மூழ்காது, அதனால் நம் கணக்கும் மூழ்காது என்று ஒரு நம்பிக்கை. காமர்ஸ் படிக்கிறவர்களும் பாலன்ஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு இதையேதான் சொல்வார்கள். இது பாதிதான் சரி.

ஃபாக்ஸ்ப்ரோ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 90களில் தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் சென்டர்களில் இந்தப் பெயர் ரொம்பப் பிரபலம். சம்பளப் பட்டியல், ஸ்டாக், பில் என்று எல்லாவற்றையும் உள்ளூர் புரோகிராமர்கள் இதிலேயே எழுதிக் கொடுத்தார்கள். 1992-ல் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இனி என்ன கவலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே மைக்ரோசாஃப்டிடம் ஆக்சஸும் இருந்தது, எஸ்க்யூஎல் சர்வரும் இருந்தது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், சொத்து யாருக்குப் போகும்? 2004 கடைசியில் வந்த விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-தான் கடைசிப் பதிப்பு. 2007 மார்ச்சில் பத்தாவது பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் சப்போர்ட்டும் நின்றது. மைக்ரோசாஃப்டின் பாலன்ஸ் ஷீட்டுக்கு ஒரு குறைவும் இல்லை!

வாங்கியவர் பாடுதான் திண்டாட்டம். நூற்பாலை ஒரு பிரைவேட் லிமிடெட் என்றால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி 8 ஆண்டுக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். போதாததற்கு 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக்கூடாது. கைவிடப்பட்ட மென்பொருளில் இதை யார் வந்து சேர்ப்பார்கள்? பழைய டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவோ 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. நல்லவேளை, அதன் டிபிஎஃப் கோப்பின் அமைப்பு ஊரறிந்த ரகசியம். அதனால் தகவலை உருவி எடுத்து வேறு இடத்தில் போட முடிகிறது. காப்பாற்றியது கம்பெனியின் பலம் அல்ல, கோப்பின் எளிமை.

இதற்கு நேர் எதிர்க்கதை மரியாடிபி. மைஎஸ்க்யூஎல் 2008-ல் சன் கைக்கும், 2010-ல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்கும் போனது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மோண்டி வைடேனியஸ் 2009-லேயே அதே மூல நிரலில் இருந்து மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். அதன் கம்பெனி 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்து, மறு வருஷமே ஒரு டாலருக்கும் கீழே சரிந்தது. 2024-ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. பங்கு வாங்கியவர்கள் அழுதிருப்பார்கள். டேட்டாபேஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆரக்கிள்? அது இப்போதைக்குச் சாகாது. 2024 நிதியாண்டில் அதன் 5,300 கோடி டாலர் வருமானத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, கிளவுட் சேவையும் லைசன்ஸ் சப்போர்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒருமுறை உள்ளே வந்தவர் சுலபமாக வெளியே போவதில்லை என்று அர்த்தம். பங்கு வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. மென்பொருள் வாங்குகிறவருக்கு?

அப்படியானால் எல்லோரும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு ஓடலாமா? 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது. எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமில்லை, அதனால் மூடிவிடவும் ஆளில்லை. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? சின்ன ஊரில் இது நிஜமான கஷ்டம். அந்த ஆளுக்கு ஆகும் செலவையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதற்காக டேலி போன்ற சொந்தக் கோப்பு வடிவம் வைத்திருக்கும் மென்பொருளே வேண்டாம் என்பதில்லை. அதிலிருந்தும் எக்ஸெல்லாகவோ எக்ஸ்எம்எல்லாகவோ வெளியே எடுக்கலாம். விற்க வருகிறவர் கம்பெனிப் பெருமை பேசும்போது, ஒரு வருஷ லெட்ஜரை வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேலன்ஸ் ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.