பாடம் கற்காத உரிமை

வேலை போனவர்கள் லிங்க்ட்இனில் எழுதும் பதிவுக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதலில் அதிர்ச்சி, நடுவில் நன்றி, கடைசியில் மூன்று பாடங்கள். பன்னிரண்டு வருடம் உழைத்தவரைப் பத்து நிமிட வீடியோ காலில் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவரோ ‘இந்தப் பயணத்துக்கு நன்றி’ என்கிறார். கோபமாக எழுதினால் அடுத்த வேலை கிடைக்காது என்று பயம். அது புரிகிறது. ‘அனுபவத்திலிருந்து அர்த்தம் எடுக்கிறார் பாருங்க’ என்று நாம் கைதட்டுகிறோமே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

இந்தக் கைதட்டலுக்குச் சாட்சியாக விக்டர் ஃபிராங்கலை இழுத்து வருவார்கள். ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு நாஜி முகாம்களைக் கடந்து வந்த வியன்னா மனநல மருத்துவர். 1946இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். தவிர்க்க முடியாத துன்பத்திலும் மனிதன் அர்த்தம் காண முடியும் என்றார். தவிர்க்கக்கூடிய துன்பமென்றால் முதலில் அதன் காரணத்தை நீக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பாதியைச் சௌகரியமாக முழுங்கிவிடுகிறார்கள்.

அதே வியன்னாவில் பிறந்த ழான் அமேரியை யாரும் அழைப்பதில்லை. 1943இல் பெல்ஜியத்தின் பிரீண்டாங்க் கோட்டையில் சித்திரவதை, பிறகு ஆஷ்விட்ஸ். அங்கே தாங்கள் ஞானிகளாகிவிடவில்லை என்று 1966இல் வெளியான தன் கட்டுரைத் தொகுப்பில் எழுதினார். பழையதை மறந்து முன்னே போகத் துடித்த ஜெர்மனியிடம் தன் மனக்கசப்பை விட்டுக்கொடுக்க மறுத்தார். நடந்தது நடந்திருக்கவே கூடாது என்று ஒருவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பதும் தன் அனுபவத்துக்கு அவர் தரும் அர்த்தம்தான்.

‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று பாதிக்கப்பட்டவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். பக்கத்தில் நிற்பவர் சொன்னால் வாயை மூடு என்று பொருள். சம்பந்தப்பட்ட நிறுவனமே சொன்னால் கணக்கு முடிந்தது என்று பொருள்.

சர்வர் விழுந்தால் நாங்கள் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். எது உடைந்தது, ஏன் உடைந்தது, எதை மாற்ற வேண்டும்? விழுந்த சர்வரிடம் போய் ‘நீ என்ன கத்துக்கிட்டே?’ என்று எந்த இன்ஜினியரும் கேட்டதில்லை. மனிதர் விழுந்தால் மட்டும் அந்த ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது.

அடுத்த முறை ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்தால், யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். அர்த்தத்தை அவர் சாவகாசமாகத் தேடிக்கொள்வார். தேடாமலும் போகலாம், அது அவர் இஷ்டம்.