தட்டுவடை வண்டிக்கு ஆறடி இடம்

மாலை மயங்கும் நேரத்தில் சேலம் அம்மாப்பேட்டையிலோ குகையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ ஒரு தெருமுனையில் நின்று பார்த்தால், தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளரும், டியூஷன் முடிந்த பிள்ளைகளும், கடைவீதியில் சாமான் வாங்கித் திரும்பும் தாய்மாரும் ஒரே தள்ளுவண்டியைச் சூழ்ந்து நின்று தட்டுவடை செட்டுக்காகக் காத்திருக்கும் காட்சி கண்ணில் படாமற் போகாது.

வெளியூர் அன்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பிற ஊர்களில் தட்டை என வழங்கும் அரிசிமாவுப் பட்சணந்தான் இங்கே உள்ளங்கைக்குள் அடங்குமளவுக்குச் சிறிதாகத் தட்டப்பட்டுத் தட்டுவடை என்ற நாமம் பெறுகிறது. கடைக்கார அம்மாள் அதன்மேல் புதினாவும் கொத்தமல்லியும் அரைத்த பச்சைச் சட்னியைத் தடவி, துருவிய பீட்ரூட்டையும் காரட்டையும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் குவித்து, பூண்டும் மிளகாயும் மணக்கும் காரச் சட்னி தடவிய இன்னொன்றைக் கவிழ்த்து மெல்ல அழுத்திக் கொடுப்பாள். வாங்கியவுடன் முழுதாக வாயில் போட்டுவிட வேண்டும். சட்னியின் ஈரம் ஏறினால் மொறுமொறுப்பு போயிற்று. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு போவதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. தட்டுவடையை உடைத்துப் பொரியோடு கலந்து தரும் நொறுக்கலுக்கும் இதே விதிதான். 1997இல் தனி ஜில்லாவாகப் பிரிந்த நாமக்கல் பக்கத்திலும், ராசிபுரம் போன்ற ஊர்களில் இந்த ருசி வேரூன்றியிருக்கிறது.

சொற்பக் காசுக்கு இந்த ஆகாரம் கிடைப்பதற்குக் காரணம், வாடகையில்லாத தெருவோரமும் ஒரு குடும்பத்தின் உழைப்புமே. ஆனால், சாலையைச் சீர்திருத்தும் திட்டம் எந்த ஊரில் வந்தாலும் முதலில் நகர்த்தப்படுவது இத்தகைய வண்டிதான். 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டமோ, வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் அளிக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்றும், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் தெளிவாக விதிக்கிறது.

சுகாதாரத்தைக் காட்டி ஆட்சேபிப்பவர்களின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. வேகவைக்காத காய்கறியும் பச்சைச் சட்னியும் கலந்த பண்டத்துக்குச் சுத்தமான ஜலம் அத்தியாவசியம். அந்த ஜலத்தைக் குடத்தில் சுமந்து வரும்படி கடைக்கார அம்மாளை விட்டுவிட்டு, அசுத்தம் என்று அவளையே குறை கூறுவது நியாயமாகாது. சிங்கப்பூர் அரசாங்கம் 1970களில் தெருக் கடைக்காரர்களுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடிகளைக் கட்டிக் கொடுத்தது. அந்த அங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. எனினும், அவ்வாறே நம் வண்டிகளையும் ஒரு மண்டபத்துக்குள் அடைக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. தறிச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே இந்த வியாபாரம் ஜீவிக்கிறது. அடுத்த முறை சாலைக்கு வரைபடம் போடும்போது, அதே தெருமுனையில் வண்டிக்கு ஆறடி இடமும், ஒரு குழாயும், ஒரு விளக்கும் குறிக்கப்படட்டும்.