மூடிக்குள் அடங்கிய ஆற்றல்

நோன்பு மாதத்தில் ஸஹர் நேரம் குறுகியது. பருப்பு வெந்துவிட்டது, குக்கரின் மூடியோ திறக்க மறுக்கிறது. பொறுமையிழந்து அதைப் பலவந்தமாகத் திருகுவோர் உண்டு. மூடி ஏன் மறுக்கிறது என்பதை அறிந்தவர் எவரும் அவ்வாறு செய்யத் துணியார்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் நீரின் வெப்பநிலை உயராது, ஆவியே வெளியேறும். மூடிய குக்கரில் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. வெப்பம் ஏற ஏற, ஆவியின் துகள்கள் மிகுந்த வேகத்துடன் மூடியையும் சுவரையும் மோதுகின்றன. மேலும் நீர் ஆவியாகி அவற்றுடன் சேர்கிறது. இவ்வாறு அழுத்தம் பெருகுவதால், உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது. உணவும் விரைந்து வேகிறது. 1679-இல் இத்தகைய கலனை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் டெனிஸ் பாபின், மிகுதியான ஆவி வெளியேறுவதற்குக் காப்பு வால்வையும் அமைத்தார்.

விசில் ஒலிக்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் மிகுதியாக உள்ளது. மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் எனில், அதன் மீது விழும் மொத்த விசை ஏறத்தாழ 300 கிலோ! ஆறு மூட்டை அரிசியின் பாரம் அது. அந்நிலையில் திறந்தால் அழுத்தம் நொடியில் வீழ்கிறது. 100 டிகிரியைத் தாண்டிய நீர் முழுவதும் ஒருசேரப் பொங்கி, கொதிக்கும் பருப்புடன் முகத்தில் பீறிட்டு அடிக்கிறது.

இதற்குப் பரிகாரமும் அதே விதியில் உள்ளது. வெப்பம் தணிந்தால் அழுத்தமும் தணியும். அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். வெயிட்டை மெல்ல உயர்த்தி, ஆவி வரவில்லை என்பதை உறுதி செய்த பின்னரே திறவுங்கள். பருப்பு நுரைத்து ஆவிக்குழாயை அடைக்கக்கூடும். ஆகவே பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவிக்குழாயை நாள்தோறும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விசில் வரவேண்டிய நேரத்தில் வராவிடில் உடனே அடுப்பை அணையுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேய்ந்த கேஸ்கட்டையும் உருகிய சேஃப்டி வால்வையும் மாற்றித்தருவதை நாளைக்கென ஒத்திப்போடாதீர்கள். வால்வின் துளையை வேறு பொருளால் அடைப்பது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. அடுப்பங்கரையும் அதற்கு விலக்கன்று.