'பஃபர் ஜோன்' என்றால் என்ன? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

செல்போனில் வீடியோ பாதியில் நின்று சுற்றினால், 'பஃபர் ஆகுது' என்கிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதே வார்த்தை வேறு கேள்வியை எழுப்புகிறது: 'நம்ம ஊரு பஃபர் ஜோன்ல வருதா? காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?'

வார்த்தை எங்கிருந்து வந்தது?

மெத்தென்ற பொருள் மீது அடி விழும்போது வரும் சத்தத்தைக் குறித்த 'பஃப்' என்ற பழைய ஆங்கிலச் சொல்தான் இதன் மூலம் என்கின்றன அகராதிகள். 19ஆம் நூற்றாண்டில், ரயில் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் கருவிக்கு இந்தப் பெயர் வந்தது. பிறகு, இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே இருக்கும் நாடு 'பஃபர் ஸ்டேட்' ஆனது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு இருப்பு வைக்கும் அரிசி, கோதுமை 'பஃபர் ஸ்டாக்'. வீடியோவை முன்கூட்டியே சேமிக்கும் நினைவகமும் பஃபர்தான். அது தீர்ந்துபோனால்தான் படம் நிற்கிறது. எல்லா இடத்திலும் வேலை ஒன்றே: நடுவில் நின்று அடியைத் தாங்குவது.

காட்டில் என்ன அர்த்தம்?

சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தையும் மேகமலை சரணாலயத்தையும் இணைத்து, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. மொத்தம் சுமார் 1,016 சதுர கி.மீ. இதில் 'கோர்' எனப்படும் உள்மண்டலம் சுமார் 641 சதுர கி.மீ.; மீதி பஃபர்.

காலி செய்யணுமா?

பஃபர் என்ற ஒரே காரணத்துக்காக காலி செய்ய வேண்டியதில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவு, பஃபரை மனிதர்களும் விலங்குகளும் சேர்ந்து வாழும் பகுதியாகவே பார்க்கிறது. உள்ளூர் மக்களின் வாழ்வாதார உரிமைகளை அது அங்கீகரிக்கிறது. எல்லையை முடிவு செய்யும்போது கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சரணாலயங்களைச் சுற்றி அறிவிக்கப்படும் 'சூழல் உணர்திறன் மண்டலம்' வேறு. அது 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வருவது. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

அப்போ சிக்கல் எங்கே?

தமிழில் பஃபரை 'வெளிமண்டலம்' என்கிறோம். அந்தச் சொல் இடத்தைக் காட்டுகிறது, வேலையைச் சொல்வதில்லை. யானையோ காட்டுப்பன்றியோ இறங்கினால் முதல் அடி விழுவது அடிவாரத்துத் தென்னைக்கும் மாவுக்கும்தான். தாங்குகிறவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைத்தால்தான் 'சேர்ந்து வாழ்வது' நடக்கும்.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நம்ம சர்வே எண் எந்த மண்டலத்தில் வருது? நம்ம கிராம சபையில் இது பேசப்பட்டதா?