கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி



தோட்டத்து லயமானாலும், பட்டணத்து அடுக்குமாடியானாலும், நம்மவர் வீட்டு வாசலில் பெரும்பாலும் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். அதில் புழுவைக் கண்டதும் நசுக்கிப் போடுவது நம் வழக்கம். அடுத்த முறை நசுக்குமுன் பிள்ளையைக் கூப்பிட்டு உங்கள் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். தினமும் ஒரு படம் எடுக்கட்டும்.

பறவை எச்சம் போல் இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அந்தப் புழுவின் சிறு பிராயம். கொத்தித் தின்ன வரும் குருவியை ஏமாற்ற அந்த வேடம் உதவுகிறது. நான்காம் முறை தோலுரித்ததும் இலைப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பிறகு இடுப்பில் பட்டு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம்தான்.

படம் எடுக்கக் காலை வெயில் ஏறுமுன் உள்ள வெளிச்சமே நல்லது. பிளாஷ் வேண்டாம். புழுவின் உயரத்துக்குக் குனிந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கருவியை மிக நெருக்கினால் படம் மங்கும். அரை அடி தள்ளிப் பிடித்து, திரையில் புழுவின் மேல் விரலால் தொட்டு எடுக்கலாம். காற்றில் கிளை ஆடினால், பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, துணிக் கிளிப்பால் கிளையை அதோடு சேர்த்துவிடுங்கள். ரோமம் அடர்ந்த வேறு புழுக்களைப் படம் எடுக்கலாம், தொடக் கூடாது. சில கடுமையாக அரிக்கும்.

“குழம்புக்கு இலை மிஞ்சாதே!” என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். ஒரு கிளையில் நூல் கட்டி அதைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள். மற்ற கிளைகளில் உள்ளவற்றை இலையோடு கிள்ளி அங்கே மாற்றுங்கள். பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள். அதே இலைதான் நம் குழம்பிலும் விழுகிறது.

சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சிறு குளவிகள் வெளிவரும். புழுவைத் தின்று வளர்ந்தவை அவை. பிள்ளை அழுதால் அழட்டும். அந்தப் படத்தையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் நான்கு படங்களோடு முடிந்துவிடும் வாழ்க்கைச் சுழற்சியில் இத்தனை ஆபத்து உண்டென்று அப்போதுதான் புரியும். புரிந்த பிள்ளையின் கை, அடுத்த புழுவை நசுக்கச் சற்றே தயங்கும்.

இன்று மாலையே செடியின் இளந்தளிர்களைப் புரட்டிப் பாருங்கள். கடுகளவு வெளிர்மஞ்சள் மணி தென்பட்டால், முதல் படம் அதுதான்.