எமது அணிக்கு எமது இலச்சினை

சிட்னியிலும் மெல்பேணிலும் எமது பிள்ளைகள் தமிழ்ப் பெயர் தாங்கிய அணிகளாகக் களமிறங்குவது பெருமைக்குரியது. ஆயினும், அவ்வணிகள் சிலவற்றின் இலச்சினை எவ்வாறு பிறக்கின்றது? புகழ்பெற்ற கழகமொன்றின் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து, போட்டோஷொப் மென்பொருளில் அதன் பெயரை அழித்து, எமது பெயரைப் பொருத்திவிடுகின்றோம்.

இதனால் தமிழும் சிதைகின்றது. மென்பொருளின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிடின், 'வெற்றி' என்ற சொல்லின் கொம்பு வகரத்திற்குப் பின்னால் சென்று நிற்கும். அப்பிழையைப் பிள்ளைகள் நெஞ்சில் சுமந்து விளையாடுகின்றனர்.

சிறிய கழகத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்பர் சிலர். சின்னத்தின் உரிமை எத்துணை வலியது என்பதை இந்நாடே கண்டுள்ளது. பூர்வகுடிகளின் கொடிக்கான வணிக உரிமம் தனியார் நிறுவனமொன்றிடம் இருந்தமையால், 2020 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கின் பூர்வகுடிச் சுற்றில் அக்கொடி இடம்பெறவில்லை. 2022 சனவரியில் அரசு 2 கோடி டொலருக்கும் மேல் செலுத்திப் பதிப்புரிமையைப் பெற்ற பின்னரே அது அனைவருக்கும் பொதுவாயிற்று.

அதே 2022 இல், மெல்பேண் கழகம் பூர்வகுடிச் சுற்றில் 'நார்ம்' என்னும் இம்மண்ணின் பழம்பெயரைச் சூடி விளையாடியது. பெருங்கழகமே மண்ணின் மொழிக்கு இடமளிக்கையில், நாம் எமது மொழியை இரவல் சின்னத்தில் ஒட்டுவது தகுமா?

பனையோ யாழோ, எமது பிள்ளைகளே வரையட்டும். இளைய வடிவமைப்பாளர்கள் அதனைச் செம்மைப்படுத்தட்டும். அச்சுக்கு அனுப்புமுன் தமிழறிந்த ஒருவர் எழுத்துகளைச் சரிபார்க்கட்டும். அவ்விலச்சினையை எவரும் எம்மிடமிருந்து பறிக்க இயலாது.