வேர் திரி அல்ல

திருத்தணி மலையடி வயல்களிலும், எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கத்திலும் உரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே நம்பிக்கைதான் கேட்கக் கிடைக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல வேர் தண்ணீரை இழுக்கிறது, கரைந்த சத்தெல்லாம் கூடவே ஏறுகிறது, ஆகவே மூட்டை கூடினால் விளைச்சலும் கூடும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் நடக்கும் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை.

மண்ணீரில் பொட்டாசியம் அயனி பொதுவாக லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அல்லது அதற்கும் குறைவு. வேர்ச் செல்லின் சைட்டோபிளாசத்திலோ ஏறத்தாழ 100 மில்லிமோல். தண்ணீரோடு சும்மா மிதந்து வந்ததென்றால் உள்ளும் புறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நூறு மடங்கு எங்கிருந்து வந்தது? சோடியத்துக்கோ எதிர் நடப்பு: வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே அதைக் குறைத்து வைக்கவே செல் பாடுபடுகிறது. இந்தப் பாகுபாடு இலவசமாக வருவதில்லை. செல் சவ்விலுள்ள புரோட்டான் பம்பு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அதனால் செல்லின் உட்புறம் 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின் ஏறி நிற்கிறது. அந்த இழுப்பில்தான் பொட்டாசியம் தனக்கென்றே அமைந்த அயனிக் கால்வாய்கள் வழியே உள்ளே நுழைகிறது. நைட்ரேட்டின் பாடு இன்னும் கடினம். அதுவே எதிர்மின் கொண்டது என்பதால், ஒவ்வொரு நைட்ரேட்டுக்கும் இரண்டு புரோட்டான்கள் துணைக்கு வந்தாக வேண்டும். ஏடிபி வேண்டுமென்றால் வேர் மூச்சுவிட வேண்டும். மழைநீர் தேங்கிய வேர்க்கடலைக் கொல்லை, காலடியில் ஈரமும் சத்தும் இருக்கும்போதே மஞ்சளடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நெல் வேருக்குள் காற்றறைகள் உண்டு, அது சமாளித்துக்கொள்ளும். வேர் வெறும் திரியாக இருந்தால் அதற்கு மூச்சு எதற்கு?

சரி, பம்பு இருக்கட்டும்; வெளியே அதிகம் இருந்தால் அதுவும் அதிகமாக இழுக்காதா என்று கேட்கலாம். 1952-இல் எமானுவேல் எப்ஸ்டீனும் ஹேகனும் பார்லி வேர்களை வைத்துக் காட்டியது இதற்குப் பதில். கரைசலின் செறிவைக் கூட்டக் கூட்ட உறிஞ்சும் வேகம் முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துவிடுகிறது. கடத்தும் புரதங்களுக்கு எண்ணிக்கை உண்டு. எல்லாம் வேலையில் இறங்கிவிட்டால் வெளியே குவிந்திருப்பது காத்துக் கிடக்க வேண்டியதுதான். யூரியா தூவிய நாலாம் நாள் பயிர் கரும்பச்சையாகிறதே என்பார்கள். தழைச்சத்துப் பற்றாக்குறை இருந்த நிலத்தில் அது உண்மை, மறுக்கவில்லை. அந்தப் பற்றாக்குறை தீர்ந்த பிறகு போடுவது பயிரைச் சாய்க்கவும் பூச்சியைக் கூப்பிடவும்தான் உதவும். திருத்தணி இருக்கும் இதே மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டிகேஎம் 9 போன்ற குறுகிய கால ரகங்களுக்கு, காவிரி டெல்டாவும் கோவையும் நீங்கலான பகுதிகளில், வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 120, மணி 40, சாம்பல் 40 கிலோ. தழையையும் சாம்பலையும் நான்காகப் பிரித்து, அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று போடச் சொல்வதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

உரம் செடியின் உடம்பாக மாறுகிறது, அதுதான் வளர்ச்சி என்பது இன்னொரு வாதம். தழைக்கும் மணிக்கும் அது பொருந்தும். சாம்பல் சத்தான பொட்டாசியமோ எந்தப் புரதத்திலும் மாவுச்சத்திலும் கட்டுண்டு கிடப்பதில்லை, கடைசிவரை அயனியாகவே திரிகிறது. அதன் வேலை வேறு. செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் வாக்குவோலில் அது சேரச் சேர, தண்ணீர் பின்தொடர்ந்து புகுந்து சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. அதே நேரம் பம்பு வெளியே தள்ளிய புரோட்டான்களால் சுவர் அமிலமாகி, எக்ஸ்பான்சின் என்ற புரதங்கள் அதைத் தளர்த்துகின்றன. தள்ளும் அழுத்தமும் தளர்ந்த சுவரும் கூடும் இடத்தில் செல் நீள்கிறது. நெல் பூக்கும் காலையில் பத்து மணி வாக்கில் ஒரு கதிரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அழுத்தத்தின் பலம் தெரியும். உமியின் அடியில் குண்டூசித் தலையளவுகூட இல்லாத இரண்டு செதில்கள் இருக்கின்றன. அவற்றில் பொட்டாசியமும் நீரும் ஏறி உப்பும்போது இரு உமிகளும் விலகி மகரந்தப்பை வெளியே தொங்குகிறது; சிறிது நேரத்தில் செதில் சுருங்கி உமி மூடிக்கொள்கிறது. அங்கே புதிதாக உடம்பு எதுவும் கட்டப்படவில்லை.

திரி வாதத்துக்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. உவர் நீர் பாயும் வயலில் நெல் வேருக்குள் சோடியத்தின் ஒரு பகுதி, சவ்வைக் கடக்காமல், செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியே தண்ணீரோடு கசிந்து மேலேறுகிறது. ஆனால் தடுப்பு ஓட்டையாக இருக்கும் இடத்தில்தான் அது நடக்கிறது, அங்கே பயிர் இலைநுனி கருகி நலிகிறது. உப்பைத் தாங்கும் வங்கத்து நெல்லான நோனா போக்ராவில், 2005-இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட எஸ்கேசி1 மரபணு ஒரு கடத்திப் புரதத்தை உருவாக்குகிறது. மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைப் பிடித்து வெளியே எடுத்துவிடுவது அந்தப் புரதத்தின் வேலை. அதனால் இலைக்குப் போகும் சோடியம் குறைந்து, பொட்டாசியம் அங்கே நிலைக்கிறது.